கமக்கட்டுச் சூடு

விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்ய மாணவர்களைக் கேட்டபோது, கல்முனைப் பக்கத்திலிருந்து போனவர்கள் இருவர்தான். நான் பெரியநீலாவணை, அவள் மருதமுனை. மெலிந்த உருவம், கறுப்பு அபாயாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டு. உயிர்க்கலங்கள் வளரும் சூட்டுப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், ஆட்கள் இருக்கும் வீட்டுக்குள் நுழைகிறவள்போல மெதுவாக ஸலாம் சொல்லுவாள். திருநீறு பூசிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரும் பழுது. பெட்டிக்குள் இருந்தது ஒரேயொரு குடுவை. மருந்தாகப் போகும் புரதத்தைச் சுரக்கும் கலங்களை அதில்தான் விடுமுறை முழுவதும் வளர்த்திருந்தோம். பெட்டியின் சூடு இறங்கத் தொடங்கியதும் அவள் குடுவையை எடுத்து, மூடியை இறுக்கி, துணியில் சுற்றி, கையைத் தூக்கித் தன் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"என்ன புள்ள செய்யிறாய்?" என்றேன்.

"மனிசன்ட ஒடம்புச் சூடுதானே இதுகளுக்கு வேணும். அது நம்மட்ட இரிக்கே."

அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கை மரத்திருக்கும். கொஞ்ச நேரம் நான் வைத்திருக்கிறேன் என்றதற்கு, "வேணாம் புள்ள, இடம் மாறினா இதுகள் பயந்திரும்" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் வந்தது. குடுவையை நுணுக்குக்காட்டியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். ஒரு கலம் நடுவில் ஒடுங்கி, மெல்ல மெல்ல இரண்டாகிக்கொண்டிருந்தது.

அவள் குடுவையோடு போய்ச் சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். அன்று அவளை முந்திக்கொண்டு ஸலாம் சொன்னவள் நான்.