கோயில் நோட்டீசில் ஒரு கறுப்புப் புள்ளி

அச்சடிக்கும் முன் எழுத்தைத் திரையில் காட்டுகிற வேலை, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணை நிறுத்துவது மாதிரி. குறை பிடிக்கத்தான் எல்லாரும் கதிரையை இழுத்துப் போடுவார்கள். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது விளங்கும். எண்பதுகளின் கடைசியில் வேலணையில் ஒரு அச்சுக்கூடத்தில், முதலாளியின் மச்சான் ஜேர்மனியிலிருந்து அனுப்பிய கொம்பியூட்டரில் எழுத்துக் கோத்தேன். தாளில் எப்போதும் நல்லாய்த்தான் வரும். திரைக்கென்று புள்ளிகளால் ஆன எழுத்துகள் வேறாக இருந்தன. பெரிய புள்ளிகளாலான பருமட்டானவை உடனே வரும், ஓரமெல்லாம் பல்லுப் பல்லாய்த் தெரியும். நுணுக்கமானவை வடிவு, ஆனால் ஆமை வேகம். எதைக் காட்டுவது என்பது என் தலையில் விழுந்தது.

கறையான்

முதலில் பருமட்டானதைப் போட்டேன். மகளின் கலியாணக் காட் அடிக்க வந்த ஒரு தகப்பன் திரையில் மூக்கு முட்டக் குனிந்தார். “உந்தக் கறையான் அரிச்ச எழுத்திலை என்ரை பிள்ளையைக் கட்டிக் குடுக்க ஏலாது” என்று யாழ்ப்பாண பஸ்சைப் பிடிக்கப் போய்விட்டார். தாளில் நல்லாய் வரும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“இனி ஒரு ஆள் திரும்பிப் போனால், பின்னாலை நீரும் போம்.”

நெடுந்தீவு லோஞ்சு

பயந்துபோய் நுணுக்கமானதுக்கு மாறினேன். தாயின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு அட்டை அடிக்க நெடுந்தீவிலிருந்து ஒருவர் வந்தார். எழுத்துகள் மனமில்லாமல் ஒவ்வொன்றாய் இறங்கின. குறிகட்டுவான் துறையில் கடைசி லோஞ்சுப் படகு போகப்போகிறது, எழும்புங்கோ என்று நானே கெஞ்சினேன். அவர் அசையவில்லை. லோஞ்சு போனது, சாப்பாடும் பாயும் முதலாளி வீட்டில். முதலாளி என்னை முறைத்தார். அந்த மனிதர் திரையைக் காட்டிச் சொன்னார்.

“அம்மான்ரை பேர் பாதியிலை நிக்கேக்கை எப்பிடித் தம்பி எழும்புறது?”

ஏழாம் திருவிழா

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். முழுப் பக்கத்தையும் சிறிதாக்கிக் காட்டினால் சீக்கிரம் வரும், பல்லும் தெரியாது. சின்ன எழுத்துகள்தான் கறுப்புப் புள்ளியாகிவிடும். கோயில் திருவிழா நோட்டீசுடன் வந்த தருமகர்த்தா சொக்கிப்போனார். அவர் பெயர் பெரிய எழுத்தில் பளிச்சென்று நின்றது. ஒவ்வொரு நாள் திருவிழாச் செலவையும் ஏற்கிற உபயகாரர் அத்தனை பேரும் புள்ளி. அதில் ஏழாம் திருவிழாக்காரர் தருமகர்த்தாவின் பக்கத்து வீட்டு வளவுக்காரர். வேலிச் சண்டையால் இருவருக்கும் முகம் பார்த்துக் கதை இல்லை. “இப்பிடியே அடியும், ஒண்டையும் மாத்தாதையும்” என்றார். அவர் எதில் சொக்கினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நோட்டீஸ் அச்சாகி வந்தது, எல்லாப் பெயரும் தெளிவாக. தருமகர்த்தா நோட்டீசுக் கட்டைத் தூக்கி மேசையில் எறிந்தார்.

“திரையிலை இல்லாத ஆள் தாளிலை எப்பிடியடா வந்தவன்?”

பக்கத்து வளவு

கோயில் வீதி முழுக்க அவர் இதைச் சொல்லித் திரிந்தார். முதலாளி கடைப் பூட்டின் திறப்பைத் திருப்பித் தரச் சொன்னார். நான் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய நேரம், அந்தப் பக்கத்து வளவுக்காரரே படியேறி வந்தார். மகனுக்குக் கலியாணம்; ஊர் முழுக்க அழைப்பாம். முதலாளி தானே ஓடிப்போய்க் கதிரை போட்டார். வந்தவர் என்னைத்தான் கூப்பிட்டார்.

“அந்தத் தருமகர்த்தாவும் ஒரு வகையிலை சொந்தம், கலியாணக் காட்டிலை பேர் போடாமல் விட ஏலாது. அந்தாளின்ரை பேரை மட்டும் உந்தப் புள்ளியிலை அடிச்சுத் தாரும்.”

திறப்பு மறுபடி என் சட்டைப்பைக்குள் போயிற்று: தெளிவான எழுத்துத் தேடி நான் பட்ட பாடெல்லாம் வீண், எங்கள் சனத்துக்கு வேண்டியிருந்தது அடுத்தவன் பெயரை மறைக்கிற எழுத்து.