புதன்கிழமை இங்கிலீஷ்

போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகள் பேரனின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் கத்திரிக்காய் வேஷம் போட்டு, காம்பு ஒரு பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான் பயல். பார்த்த சந்தோஷத்தில் உடனே பதில் போட்டேன்: 'ரிசீவ்டு வித் தேங்க்ஸ். கைண்ட்லி செண்ட் ஃபர்தர் போட்டோஸ் அட் தி எர்லியஸ்ட்.' கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அம்மா, இது என்ன வாட்ஸ்அப்பா, கலெக்டர் ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள். காலமெல்லாம் ஓர் அரசு அலுவலகத்தில் கடிதம் எழுதியே தேய்ந்தவள். என் ஆங்கிலத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கத் தெரியும், பதில் வராவிட்டால் நினைவூட்டத் தெரியும், அதற்கும் பதில் வராவிட்டால் இன்னும் மரியாதையாக நினைவூட்டத் தெரியும். அவ்வளவுதான். கொஞ்சத் தெரியாது, கொஞ்சம் வம்பு பேசக்கூடத் தெரியாது. இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு காலத்தில் வகுப்பு வேறு எடுத்தேன் என்றேன். மகள் நம்பவில்லை. பஷீர் பாய் இருந்திருந்தால் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பேன்.

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் இருந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதன் சாப்பாட்டுக் கூடத்தை எங்களுக்கு விட்டிருந்தார்கள். எங்களுக்கு என்றால், அந்தப் பக்கத்து ரிடையர்டு கூட்டத்துக்கு. திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோகா, வெள்ளிக்கிழமை கேரம், புதன்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ். முதல் நாள் பந்தி நடந்திருந்தால் தரை இன்னும் ஈரமாக இருக்கும். இன்றைக்கும் ஏதாவது கல்யாணத்தில் ஈர வாழையிலையும் பெருங்காயமும் கலந்த அந்த வாடை அடித்தால் எனக்குப் பசி வருவதில்லை, இலக்கணம்தான் ஞாபகம் வருகிறது.

எல்லா ஏற்பாடும் பஷீர் பாய். பல்லாவரத்தில் இரும்புக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் வீட்டில் இருந்து பார்த்திருக்கிறார். அந்த ஒரு வாரத்தில் அவருக்கும் தாங்கவில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் தாங்கவில்லை. தெருத்தெருவாகப் போய் ஆள் பிடித்துக் கூட்டம் சேர்த்தவர் அவர்தான். காய்கறிக் கடையில் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க கவர்மெண்ட்ல இருந்தவங்க. இங்கிலீஷ் உங்க வூட்டு பாஷை மாதிரி. நம்ம கிளாஸை நீங்களே எடுத்துக்கினா இன்னா?" என்றார். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

விளைவு என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். நாலைந்து மாதத்தில் மொத்த வகுப்பும் அரசாங்கக் கடிதம் மாதிரி பேச ஆரம்பித்தது. முனையில் இருந்த டீக்கடைக்காரரிடம் பஷீர் பாய் டீ கேட்பதென்றால், 'கைண்ட்லி அரேஞ்ச் டு சப்ளை' என்றுதான் தொடங்குவார். ஒரு தடவை எல்லோருமாக வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். முட்டி வலிக்காரர்களுக்கெல்லாம் பேட்டரி வண்டி. சிங்கம் புதருக்குப் பின்னால் எங்கேயோ படுத்துவிட்டது, வாலைக்கூடக் காணோம். பஷீர் பாய் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "லயன் இஸ் நாட் அவைலபிள் இன் தி சீட்" என்றார். நான் ஒருத்தி சொல்லிக் கொடுத்த பாடம் ஒரு சிங்கம் வரைக்கும் போயிருக்கிறது, பாருங்கள்.

நான் உயிரைக் கொடுத்து நடத்தியது செயப்பாட்டு வினை. அலுவலகத்தில் யாரும் எதையும் செய்வதில்லை அல்லவா? எல்லாம் செய்யப்படும். கோப்பு தவறவிடப்படும், தாமதம் ஏற்பட்டுவிடும், நடவடிக்கை எடுக்கப்படும். தவறவிட்ட ஆள் யார் என்று வாக்கியத்தில் வலை போட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டான். அதனால் யாராவது இப்படி ஒரு வாக்கியம் சொன்னால், மேஜையைத் தட்டி, "பை ஹூம்?" என்று கேட்பேன். யாரால்? செய்த ஆளைச் சொன்ன பிறகுதான் உட்கார விடுவேன். வகுப்புக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

அந்த வகுப்புக்குத்தான் கஸ்தூரி வந்தாள். பத்தாவது வரை படித்தவள். மகன் கனடாவில், அங்கே பிறந்த பேத்திக்குத் தமிழில் 'பாட்டி' என்கிற ஒரு வார்த்தைதான் தெரியும், அதற்கு மேல் இவளுக்குப் பேச வழியில்லை. வீட்டுக்காரர் ஏகாம்பரம், ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார். பஷீர் பாய்க்கு அது பொறுக்கவில்லை. கொசுக்கடியில் எதற்கு உட்கார வேண்டும் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏகாம்பரம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவள் முதல் வரிசை.

இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பது எனக்கு உறைக்கவே சில வாரம் ஆயிற்று. ஏனென்றால் பேசுகிற மாதிரிதான் இருக்கும். "குடை எடுத்துட்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று அவள் தூணிடம் சொல்வாள். "வண்டியில இருக்கு" என்று அவர் வாசல் கேட்டிடம் சொல்வார். வீட்டிலும் அப்படித்தானாம். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று, சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம், கேஸ் தீரப் போகிறது, சொல்ல வேண்டியது சொல்லியாயிற்று. நீ கிடையாது, நான் கிடையாது, ஏங்க கிடையாது. என் அலுவலகமே தோற்றது போங்கள்.

எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம். ஒரு நாள் வகுப்பு முடிந்து, பந்திக்காரர்கள் கை கழுவும் வரிசைக் குழாயடியில் டம்ளர் அலம்பிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டுவிட்டேன். கஸ்தூரி ஒளிக்காமல் சொன்னாள்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் அவர்கள் முடிச்சூரில் சொந்த வீட்டில் இருந்தார்கள். அந்தப் பெருவெள்ளத்துக்கு முதல் நாள், மழை போகிற போக்கைப் பார்த்து, அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சியிருக்கிறாள். காலையில் சொன்னாள், மத்தியானம் சொன்னாள், விளக்கு வைக்கிற நேரத்திலும் சொன்னாள். பார்க்காத மழையா என்று ஏகாம்பரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். விடிவதற்குள் தண்ணீர் ஜன்னலுக்கு வந்துவிட்டது. மொட்டை மாடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றவர்களைப் படகில் வந்து இறக்கினார்கள். பீரோ, கல்யாண ஆல்பம், பையனின் சின்ன வயசுப் படங்கள் எல்லாம் சேறு. வீட்டை விற்றுவிட்டு சேலையூரில் வாடகைக்கு மாடி வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"சாமான் போனா போவுது மேடம். 'நீ சொன்னே, நான் கேக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? எப்ப கேட்டாலும் ஏரியைச் சொல்றாரு, மழையைச் சொல்றாரு. அவரை மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு. அதான் நானும் பேசறதை விட்டுட்டேன்" என்றாள்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் அடுத்த புதன்கிழமை ஏகாம்பரத்தின் உச்சரிப்பைத் தேவையில்லாமல் இரண்டு தடவை திருத்தினேன். ஆனால் பாவம், கெட்ட மனிதரில்லை. அவள் வண்டியில் ஏறிச் சேலையைச் சரிசெய்து முடிக்கிற வரைக்கும் கிளப்ப மாட்டார். அவளுக்குப் பிடிக்கும் என்று கடலை உருண்டை வாங்கி அவள் பையில் போட்டு வைப்பார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. நம் ஆண்களில் எத்தனை பேருக்கு அது வரும், சொல்லுங்கள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. வானம் மூட்டமாக இருந்ததால் பாதிப் பேர் வரவில்லை. அன்றைக்குப் பயிற்சி, புகார் கொடுப்பது. ஒருவர் எழுந்து ஏதாவது ஒரு குறையைச் சொல்ல வேண்டும். ஜோடியாக இருப்பவர் அதிகாரியாகி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பஷீர் பாய் தெரு நாய்களைப் பற்றி உருக்கமாகப் புகார் கொடுத்தார். ஆள் குறைந்துபோனதில் கடைசியாக ஜோடி சேராமல் மிஞ்சியது ஏகாம்பரமும் கஸ்தூரியும்தான். யாரையாவது மாற்றிப் போடலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"சார்," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "வித் ரெஃபரன்ஸ் டு தி ஃப்ளட் இன் முடிச்சூர். ஐ இன்ஃபார்ம்டு யூ ஒன் டே பிஃபோர். ஐ இன்ஃபார்ம்டு த்ரீ டைம்ஸ். நோ ஆக்‌ஷன் வாஸ் டேக்கன்."

மற்றவர்களுக்கு அது வெறும் பயிற்சி. எந்த ஆபீசையோ கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பஷீர் பாய், "கரெக்டா கேக்கறாங்க" என்று முணுமுணுத்தார். எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

ஏகாம்பரம் எழுந்தார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. பிறகு, ரயில் தாமதமானால் ஸ்டேஷனில் வருத்தம் தெரிவித்து அறிவிப்பார்களே, அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னார்.

"தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. தாம்பரத்துக்காரர்களுக்கு அது தினமும் காதில் விழுகிற வாக்கியம், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியைப் பிடித்திருந்த விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. மனிதர் நிஜமாகத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழில் சொல்ல முடியாததை, ஆளில்லாத ஒரு வாக்கியமாகத் தேடிப் பிடித்துச் சொல்கிறார்.

கஸ்தூரி உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினாள். நான் மேஜையைத் தட்டுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. எனக்குக் கை எழவில்லை. அவளே நாலடி வந்து என் மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"பை ஹூம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோருக்கும் எதுவோ புரிந்த மாதிரி இருந்தது. ஏகாம்பரம் தரையைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"பை மீ," என்றார். அது போதாது என்று பட்டதோ என்னவோ, இன்னொரு தடவை சொன்னார். "பை மீ ஒன்லி."

இலக்கணப்படி அந்த 'ஒன்லி' அங்கே வரக் கூடாது. என் வாழ்நாளில் நான் திருத்தாமல் விட்ட தப்பு அது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. டஸ்டரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது கஸ்தூரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். தூணைப் பார்க்கவில்லை, கேட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"மழை வர்ற மாதிரி இருக்குங்க. போயிடலாம்."

வகுப்பு முடிய இன்னும் பாதி நேரம் இருந்தது. தூறல்கூட விழவில்லை. ஏகாம்பரம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கினார். பஷீர் பாய் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அப்புறம் அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

கொரோனா வந்தபோது மண்டபத்தை மூடினார்கள். கல்யாணமே இல்லாமல் கிடந்து, பிறகு இடித்துவிட்டார்கள். நாங்கள் இலக்கணம் படித்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் நிற்கின்றன. பஷீர் பாய் இரண்டாவது அலையில் போய்விட்டார். அவரைக் கடைசியாகப் பார்க்கக்கூட யாரையும் விடவில்லை. இனிமேல் வகுப்பு என்று ஒன்று வைத்தால்கூட யார் வரப் போகிறார்கள்? நாம் தமிழில் பேசினால் போனே பேத்திக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறது.

ஆனால் என் வகுப்பில் ஆள் குறைய ஆரம்பித்தது அதற்கெல்லாம் முன்பே. அந்த மழை மூட்டத்துக்கு அடுத்த புதன்கிழமை கஸ்தூரியும் வரவில்லை, ஏகாம்பரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நன்றாகப் பேச ஆரம்பித்த மாணவி ஆயிற்றே என்று எனக்கு ஆற்றாமை. கொஞ்சம் கோபமும்தான். ஒரு நாள் மத்தியானம் போன் போட்டேன். கஸ்தூரி எடுத்தாள். பின்னால் ஏகாம்பரம் எதையோ சொல்லிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது.

"ஏம்மா, கிளாஸுக்கு ஏன் வரலை?" என்று கேட்டேன்.

"நாங்க பேசிக்கிட்டு இருக்கோம் மேடம். அப்புறமா கூப்பிடட்டுமா?" என்றாள்.

அவள் கூப்பிடவே இல்லை.