என்னிடமே கேளுங்கள்

பிள்ளைகளே, மிளகு பறிக்க மரத்தில் ஏறி விழுந்து என் கால்கள் செயலிழந்த பிறகு எனக்கு உதவிப்பணம் வருவது உங்களுக்குத் தெரியும். அதைப் பெறுவோருக்கு வேலை தேடிக்கொடுக்கும் முகாம் மாத்தளையில் நடந்தது. உங்கள் அம்மா என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்.

அலுவலர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், "இவருக்கு ஊதுபத்தி சுத்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அவரு வாயில ஒரு கோளாறும் இல்லீங்க சேர். அவருகிட்டயே கேளுங்க."

"நான் தண்ணி மோட்டார் திருத்துவேன் சேர். போனது காலுதான், கை இல்ல," என்றேன்.

"உதவிப்பணம் வருதுதானே, ஏன் கஷ்டப்படுறீங்க?"

"அது சோத்துக்கு சேர். வேலை எனக்கு."

அவர் தான் உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் திருப்பினார். உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய ஒரு மோட்டார் கடைக்கு என்னை அனுப்பச் சம்மதித்தார். இனி எனக்காக நானே பேசுவேன்.

அன்று மாலை நீங்கள் விளையாடப் போன பிறகு, கட்டிலுக்கடியில் கிடந்த கருவிப் பெட்டியை இழுத்தெடுத்து, ஸ்பேனர்களின் துருவைத் தனியாகத் தேய்த்தேன்.