குதிரை சொன்ன சாட்சி

எங்கள் எஸ்டேட்டில் துரைசாமி என்றொரு சாமி உண்டு. சாந்தன்பாறைக்கு மேலே, தேயிலைக் காட்டின் ஓரத்தில் அவர் சமாதி. ஆடி மாதம் ஆடு வெட்டி, பிராந்தி ஊற்றி, சுருட்டுப் பற்றவைத்து வைப்போம். வெள்ளைக்காரத் துரைக்கு வெண்பொங்கலா வைக்க முடியும்? முதல் சுருட்டு எங்கள் குடும்பத்து உரிமை. துரையைக் குழிவெட்டிப் புதைத்தவர் என் பூட்டன். சமாதியின் நீளம் ஒரு மனுசனுக்கு ரொம்பவே அதிகம். நான் ஓட்டும் ஜீப்பில் ஏறும் டூரிஸ்டுகளிடம், "துரை அம்புட்டு உசரம் சார்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

மகளுக்கு நர்சிங் சேர சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. 1950க்கு முன்பே உன் முன்னோர் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டா என்றார்கள். ஆதாரத்துக்கு எங்கே போவேன்? குடியிருக்கும் லயத்து வரிசை வீடு கம்பெனிக்குச் சொந்தம், செடி கம்பெனிக்குச் சொந்தம், இருமல் மட்டும்தான் எங்களுக்குச் சொந்தம். கடைசியில் வில்லேஜ் ஆபீசரிடம் துரைசாமி கதையைச் சொன்னேன். சின்ன வயதுக்காரர், நல்ல மனுசன், மலையாளமும் தமிழுமாகப் பேசுவார். சிரித்துவிட்டு, "சேட்டா, நான் வந்நு விசாரிக்கலாம். கல்லில வருஷம் வேணும். வயசான ஒரு சாட்சி, உங்க பூட்டன் பேரை வாயால சொல்லணும். நீங்க சொன்னா செல்லாது" என்றார்.

விசாரணைக்கு முதல் நாள் பார்த்தா ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து சேர வேண்டும்? தன் பூட்டனைத் தேடி வந்தவர். இந்த எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த துரையாம். நான் "இங்கிலீஷ்காரம்மா" என்று சொல்லிவிட்டேன். முகம் சிவந்துவிட்டது. இங்கிலீஷ் இல்லை, ஐரிஷ் என்று அழுத்திச் சொன்னார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. தலைமுறை தலைமுறையாக இங்கே கிடக்கும் என்னை ஒருவன் "தமிழ்நாட்டுக்காரனா?" என்று கேட்டால் எனக்கும் இதே கோபம்தான் வரும்.

"உங்க பூட்டன் எங்கயும் போகலம்மா, இங்கதான் இருக்காரு" என்று பெருமையாகச் சமாதிக்குக் கூட்டிப் போனேன். அவர் சுருட்டுச் சாம்பலைப் பார்த்தார், பிராந்தி பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து காகிதங்களை எடுத்து ஜீப் பானெட்டில் பரப்பினார். ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு, இறப்புப் பதிவு. துரை ஊருக்குத் திரும்பி, கிழவராகி, அயர்லாந்தில் சொந்தக் கட்டிலில் படுத்துச் செத்திருக்கிறார். அங்கே மாதாகோவில் பக்கத்தில் கல்லறைகூட இருக்கிறதாம்.

பாவி மனுசன், சாகிறவன் இங்கேயே செத்திருக்கக் கூடாதா? அவன் செத்தது அங்கே என்றால் என் பூட்டன் புதைத்தது யாரை? என் மகள் படிப்பு என்னாகும்?

அந்த அம்மா கல் முன்னால் மண்டியிட்டார். கல்லில் அப்பியிருந்த எண்ணெயையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். பூசாரியான என் பெரியப்பா, "தீட்டு, தீட்டு" என்று கத்திக்கொண்டே ஓடிவருவதற்குள் எழுத்துகள் வெளியே வந்துவிட்டன. வருஷம் இருந்தது, 1950க்கு நன்றாகவே முந்தியது. பேரும் இருந்தது. அதைப் படித்தவர் வாய்விட்டுச் சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்தார். ஒரு பழைய போட்டோவை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் ஒரு குதிரை.

சமாதிக்குள் இருப்பது துரை இல்லை. துரையின் பெண் குதிரை.

எங்கள் ஜனங்களைச் சொல்லிக் குற்றமில்லை. நம்மில் செத்தவனுக்குக் கட்டைக் குச்சிகூட நட்டதில்லை. இவ்வளவு பெரிய கல்லை இங்கிலீஷில் வெட்டி ஒரு குதிரைக்கு வைப்பான் ஒருவன் என்று யாருக்குத் தோன்றும்?

போட்டோவில் குதிரையின் கயிற்றைப் பிடித்தபடி ஒல்லியாக ஒருவர் நின்றார். என் மகளின் அதே முன்நெற்றி, என் பூட்டனேதான். பின்பக்கம் எழுதியிருந்ததை அந்த அம்மா படித்துக் காட்டினார். குதிரையின் அப்பா பேர், அம்மா பேர், இரண்டு பக்கத்துத் தாத்தா பேர், அவை பிறந்த ஊர், எல்லாம் இருந்தது. கயிறு பிடித்தவருக்கு ஒரே வார்த்தை, 'குதிரைக்காரன்'. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கல்லையே பெயர்த்து எறிந்திருப்பேன். இந்தக் குதிரை மனுப் போட்டிருந்தால் சான்றிதழ் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

மறுநாள் ஆபீசர் வந்தார். விஷயத்தைக் கேட்டு வெகுநேரம் தாடையைத் தடவினார். "குதிரையானாலும் வருஷம் வருஷம்தான். போட்டோவும் இருக்கு. இனி பேர் மட்டும் மதி, அது போதும்" என்றார்.

அங்கேதான் சிக்கல். எங்கள் வம்சத்தில் மிச்சமிருக்கும் பெரிசுகள் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். பெரியவர்கள் பேரை வாயால் சொல்வதே பாவம், அதுவும் சாமி முன்னால் தாத்தா பேரைச் சொல்லமாட்டேன் என்று பெரியப்பா நின்றார். பெரியம்மாவைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது எங்கள் வழக்கம். பூட்டன் பேர்தான் பெரியப்பாவுக்கும். புருசன் பேரை அவள் எப்படிச் சொல்வாள்?

"எழுதித் தந்தாலும் மதி" என்றார் ஆபீசர். இரண்டு பேருக்கும் கைநாட்டு.

"ஏத்தா, பேத்தி படிப்புக்காவ ஒரே ஒருக்கா சொல்லேன்" என்று கெஞ்சினேன்.

"ஏலே, தாலி கட்டுனவுக பேரச் சொல்லி நான் நரகத்துக்குப் போவவா? சாமியவே கேளு, அது சொல்லட்டும்" என்றாள்.

மகள் சமாதி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா அவளையே பார்த்தார். பிறகு முதல் சுருட்டைப் பற்றவைத்துக் கல்லில் வைத்தார். உடம்பு குலுங்கத் தொடங்கியது. அருள் வந்துவிட்டது.

வழக்கமாகத் துரை இறங்கினால் பெரியப்பா இடுப்பில் கை வைத்து "யூ ராஸ்கல்" என்று அதட்டுவார். அவருக்குத் தெரிந்த மொத்த இங்கிலீஷும் அதுதான். அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. மூக்கைச் சீறினார். வலது காலால் மண்ணைப் பிறாண்டினார். தலையைத் தூக்கி ஒரு கனைப்புக் கனைத்தார் பாருங்கள், அந்த அம்மா பயந்து ஆபீசர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்புறம் குதிரை தன் குதிரைக்காரனைக் கூப்பிட்டது. முழுப் பேரையும் சொல்லி, தேயிலைக் காடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டது. "கொள்ளு எங்கடா? என்னைய விட்டுட்டு எங்கடா போன?" என்றது. மறுபடியும் பேர். மறுபடியும் பேர். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இத்தனை வருஷம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேர்.

ஆபீசர் பேரை எழுதிக்கொண்டார். பேனாவை நிறுத்தி, "சாட்சி ஆரு, பூசாரியோ குதிரையோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பூசாரி என்றே போடச் சொன்னேன். பூசாரி பேரும் அதுதானே. சான்றிதழ் கிடைத்தது. மகள் இப்போது பாலக்காட்டில் படிக்கிறாள்.

அன்றைக்கே அந்த அம்மா என்னிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டு, போட்டோவின் பின்னால் குதிரையின் அப்பா அம்மா பேருக்கெல்லாம் மேலே என் பூட்டன் பேரை எழுதினார்.

அருள் இறங்கியதும் பெரியப்பா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எப்போதும்போல, "சாமி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார். பெரியம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு தாத்தா."

பெரியப்பா கல்லைத் தடவிக் கொடுத்தார். பிறகு பெரியம்மாவிடம், "ஊட்ல கொள்ளு இருக்கா?" என்றார்.