விருந்து ஹாலில் கிடந்த கம்பளம்

கொடைக்கானலில் ஒரு துரை வீட்டில் என் அப்பா பட்லர். ஐம்பதுகளின் நடுவில் அந்தக் குடும்பம் பங்களாவை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, அத்தனை வருஷ ஊழியத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு கம்பளம். கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. சிவப்பில் வெளிர்மஞ்சள் பூ, விரல் புதையும் கனம். அதைத் தலைச்சுமையாக அட்டுவம்பட்டிக்கு, எங்கள் தகரக் கூரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "விருந்து ஹால்ல கெடந்தது. பெரிய பெரிய தொரமாருக மிதிச்சது" என்று தெருவெல்லாம் அளந்தார்.

வீட்டில் இருந்ததே இரண்டு அறை. முன்னறை முழுக்கக் கம்பளம். அப்பா, அம்மா, நான், தங்கச்சி நாலு பேரும் பின்னால் அடுப்படியில், சாக்கின் மேல் பாய் விரித்துப் படுத்தோம். மார்கழியில் அந்தத் தரை பாயையும் சாக்கையும் தாண்டி முதுகைப் பிடிக்கும். தங்கச்சிக்கு வருஷாவருஷம் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு மூச்சு விசிலடிக்கும்.

"பிள்ளைக்கு நெஞ்சு கர்கர்ங்குது. இந்தக் குளிரு மட்டும் அதும்மேல படுக்கட்டுமேங்க" என்று அம்மா கேட்பாள்.

"கூறுகெட்டவளே, படுக்குற சாமானா அது? பிள்ளைக படுத்தா நாறிப்போகும்" என்பார்.

அதற்கு நடந்த உபசாரத்தைச் சொன்னால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. காலையில் போட்ட டீத்தூளை அம்மா இரண்டாம் கொதிக்காக எடுத்து வைப்பாள். அப்பா அதைப் பிழிந்து கம்பளத்தின் மேல் தூவி, பூந்துடைப்பத்தால் மெல்லக் கூட்டுவார். ஈரத்தூள் தூசியைப் பிடித்துக்கொள்ளுமாம், பங்களா வழக்கமாம். நாங்கள் வெந்நீரில் கருப்பட்டியைக் கரைத்துக் குடித்தோம். ஓரத்துக் குஞ்சங்களைச் சீவிவிட ஒரு சீப்பு தனியாக இருந்தது. என் தலையில் சிக்கும் பேனும் மண்டிக் கிடந்தது அவர் கண்ணில் பட்டதே இல்லை. மூலைக்கு மூலை அந்துருண்டை வேறு. முன்னறையில் நடப்பதென்றால் சுவரோடு ஒட்டிப் பல்லி மாதிரி போகவேண்டும்.

பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருநாள் வந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குடுத்துவச்சவங்கம்மா நீங்க. இந்தக் குளிருக்குக் கதகதன்னு இருக்குமே" என்றார் அம்மாவிடம். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா மட்டும் பாராட்டு கிடைத்துவிட்டதாக நினைத்துப் பல்லைக் காட்டினார்.

அந்த மார்கழியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. துரைசானி எப்போதோ சொல்லியிருந்தாராம்: அவர்கள் ஊரில் கம்பளத்தைப் பனியில் கவிழ்த்துப் போட்டு அடிப்பார்கள், அழுக்கெல்லாம் பனியோடு போய்விடும். அந்த ஊர்ப் பனி மாவு மாதிரி முழங்காலளவு குவிந்து கிடப்பது. எங்கள் ஊர்ப் பனி புல்லின் மேல் உப்புப் பூத்தமாதிரி இருந்து, வெயில் பட்டதும் தண்ணீராகிவிடுவது. இது எங்கள் ஊர் மாடுகளுக்குக்கூடத் தெரியும். துரை வீட்டு பட்லருக்குத் தெரியவில்லை.

"ஏ புள்ளைகளா, எந்திரிங்க வெரசா. வெயில் வாரதுக்குள்ள சோலிய முடிக்கணும்" என்று வெள்ளனே எழுப்பினார். அவர் பித்தளைப் பொத்தான் வைத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டார். நாங்கள் வெறுங்காலோடு ஆளுக்கொரு மூலையைத் தூக்கினோம். தங்கச்சி இருமிக்கொண்டே தூக்கினாள். வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்த சரிவில் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, பிரம்பால் சாத்து சாத்தென்று சாத்தினார். சூரியன் ஏறியது. புல் முழுக்கத் தண்ணீர். கம்பளம் அத்தனையையும் குடித்துவிட்டது. புரட்டிப் பார்த்தால், சிவப்புச் சாயம் கசிந்து மஞ்சள் பூக்களெல்லாம் வெற்றிலை துப்பிய சுவர் மாதிரி இருந்தன.

மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. நாள்கணக்கில் வெயிலில்லை. ஈரக் கம்பளம் நாற்றமெடுத்தது. "செத்துப்போச்சு. தூக்கிப் போட்டுருங்க" என்று அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

அம்மா தூக்கிப் போடவில்லை. வெயில் வந்த அன்று ஓடைக்குக் கொண்டுபோய், பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்து, அழுத்தி அழுத்திக் கசக்கினாள். முடிச்சுகளின் அடியிலிருந்து கட்டையான தவிட்டு நிற மயிர் கொத்துக்கொத்தாக வந்தது. எங்கள் வீட்டில் அந்த நிற முடி யாருக்கும் இல்லை. அம்மா ஒரு கொத்தைக் கையில் எடுத்துவந்து அப்பாவின் முன்னால் நீட்டினாள்.

"இது என்னாதுங்க?"

அப்பா அதை விரலால் நிமிண்டிப் பார்த்தார். பிறகு, "வெராண்டாவுல கெடந்ததுதான். தொர வீட்டு நாய்க ரெண்டும் அதுலதான் படுக்கும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "நல்ல ஒசந்த சாதி நாய்ங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அம்மா அந்த மயிரை அவர் காலடியில் போட்டுவிட்டு ஓடைக்குப் போனாள்.

கம்பளம் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பக்கம் சுருங்கிக் கோணிக்கொண்டது, பிறகு தரையில் சரியாகப் படியவே இல்லை. அம்மா அதை அடுப்பங்கரையில் விரித்து, "படுங்க" என்றாள். தங்கச்சி படுக்கவில்லை. கொல்லைக்குப் போய் அந்தக் குளிரில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, அப்பா சரி சொல்லட்டுமென்று அவரையே பார்த்துக்கொண்டு, கம்பளத்தை மிதிக்காமல் ஓரத்தில் நின்றாள்.