கீழே விழாத தங்கம்

போங்-யோ என்ற பெயருக்கு வான்லி ஊரில் எல்லோருக்கும் பொருள் தெரியும்: 'வந்தது வந்துவிட்டது, வளர்த்துத் தொலைப்போம்.' ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பன் வைத்த பெயர். அதற்காக வருத்தப்பட அவளுக்கு நேரம் இருந்ததில்லை. காவோசியுங் துறைமுகத்திலிருந்து லாரி லாரியாக வரும் பழைய கம்ப்யூட்டர் பலகைகளின் பொன் பூசிய விளிம்பைக் கத்தரியால் நறுக்குவது பதினோரு வருடமாக அவள் வேலை. நறுக்கியதை அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுப்பது கணவன் சுயி-சாயின் வேலை. அதன் கடைசிக் கட்டத்தைக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வான். தைவானிலேயே அதிகமாகப் பழைய உலோகம் வந்து சேரும் அந்தச் சந்தில் எல்லா ஆண்களும் அப்படித்தான்.

"உனக்குச் சொன்னா உங்கக்காவுக்குத் தெரியும். உங்கக்காவுக்குத் தெரிஞ்சா ஆத்து மீனுக்கே தெரியும்" என்பான். சந்தில் உள்ள அத்தனை வீட்டு அமிலத் தண்ணீரும் பின்புறத்து எர்ரென் ஆற்றில்தான் போய்ச் சேரும். அதில் மீன் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மார்ச் மாதம் அவனை வாதம் அடித்துப் போட்டது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியவை இடது கையும் 'மா' என்ற ஓர் ஓசையும்தான். பசித்தாலும் மா, வலித்தாலும் மா.

தைனான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னாள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். போங்-யோ புரட்டினாள். இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்த்தாள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்கவே இல்லையென்றால் தோல் சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கஞ்சியில் மீனை முள் பார்த்து மசித்து, நல்ல பக்கத்துக் கன்னத்தில் அரைக் கரண்டியாக வைத்தாள்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு சாக்கு. ஒரு வருடம் நறுக்கிய விளிம்புகள். அதிலிருந்து தங்கம் வராவிட்டால் அவள் செருப்புத் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். சந்துக் கோடி வீட்டுக் கிழவரின் மருமகள் அப்படித்தான் போனாள். படுத்த படுக்கையான கிழவரைக் காலையில் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய், மாலை ஆறு மணிக்குத் திரும்புவாள். கிழவரின் முதுகுப் புண்ணில் ஒரு கிண்ணத்தை வைத்துவிடலாம், அவ்வளவு குழி. அதில் எறும்பு ஊர்ந்ததைப் போங்-யோ கண்ணால் பார்த்திருக்கிறாள். மருமகள் கெட்டவள் அல்ல. வீட்டில் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே கொட்டகையைத் திறந்து தானே ஆரம்பித்தாள். கதவிடுக்கில் பார்த்த வரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது. நைட்ரிக் அமிலத்தில் செம்பு கரைந்து நீலமாயிற்று. பொன் ஏடுகள் பிரிந்து மிதந்தன. வடிகட்டிக் கழுவினாள். பிறகு உப்பு அமிலமும் நைட்ரிக்கும் கலந்த, தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகம். எவ்வளவு நைட்ரிக் என்று தெரியாது. ஏடு கரையாமல் நின்றுவிடுமோ என்று பயந்து, குழம்புக்குப் புளி ஊற்றுவதுபோல் தாராளமாக ஊற்றினாள். எல்லாம் கரைந்து ஜாடி மஞ்சளாயிற்று.

இனி, அவன் பையில் வைத்திருந்த, தீக்குச்சி உரசிய வாடை அடிக்கும் வெள்ளைத் தூளைப் போட்டால் தங்கம் பழுப்புச் சேறாக அடியில் விழ வேண்டும். போட்டாள். திராவகத்துக்குள் பழுப்பாகப் புகைபோல் ஒன்று கிளம்பியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அதை விழுங்கிவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடியும் விழுங்கியது. இரண்டு நாளில் தூள் பாதிப் பை தீர்ந்தது. ஜாடி மஞ்சளாகவே நின்றது.

மூன்றாம் நாள் காலை கணவனின் அண்ணன் ஹோக்-தியாம் பாக்கு மென்றுகொண்டு வந்தான். அவனுக்கும் இதே தொழில்தான். ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கெட்டுப்போச்சும்மா போங்-யோ. கத்தரி பிடிச்ச கையி ஆசிட்டைத் தொடலாமா? இதுல இனி ஒண்ணும் வராது."

"ஒண்ணுமேவா பெரியத்தான்?"

"ஒண்ணுமே. பேசாம வேலைக்குப் போற வழியப் பாரு. இந்த நாத்தம் பிடிச்சதை வச்சுக்கிட்டு நீ என்ன செய்யப்போற. நாளைக்குக் கேன் எடுத்துட்டு வந்து நானே கொண்டு போயிடறேன்."

அவன் போன பிறகு அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுயி-சாயைப் புரட்ட வேண்டிய நேரம் அரைமணி தாண்டிப் போனது. அதற்கு முன் ஒரு முறைகூட அவள் அதைத் தவறவிட்டதில்லை. நினைவு வந்து எழுந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கழிவைக் கொட்ட ஆறு பின்புறம் இருபது அடி தூரத்திலேயே இருக்கிறது. இந்தச் சந்தில் எவனாவது அடுத்த வீட்டுக் கழிவுத் தண்ணீரைத் தன் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனது உண்டா?

பலகை ஏற்றும் தள்ளுவண்டியில் மெத்தையை விரித்தாள். சுயி-சாயின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, அதில் கிடத்திக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இந்தாங்க, நல்லாப் பாருங்க. விழ மாட்டேங்குது. நைட்ரிக்கைக் கொஞ்சம் அதிகமா ஊத்திட்டேன். என்ன போடணும்?"

"மா" என்றான். கண்ணில் நீர் வழிந்தது.

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம். கையைக் காட்டுங்க."

இடது கை மூலையைக் காட்டியது. அங்கே ஒரு யூரியா மூட்டை கிடந்தது. அதை எட்டு வருடமாக நகர்த்தி நகர்த்திப் பெருக்கியிருக்கிறாள். ஒரு முழம் நிலம் இல்லாத வீட்டில் உரம் எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இதுவா? தர்பூசணி போடத்தான் வாங்கி வச்சீங்கன்னு நினைச்சேனே."

"மா, மா" என்று வண்டியின் விளிம்பில் அடித்தான்.

ஒரு பிடி போட்டாள். ஜாடி சீறி நுரைத்தது. அவன் கையை உயர்த்தினால் நிறுத்தினாள், இறக்கினால் போட்டாள். கடைசியில் போட்ட பிடிக்கு நுரை வரவில்லை; அதிகமாக ஊற்றிய நைட்ரிக் அடங்கிவிட்டது. அவன் கண் வெள்ளைத் தூள் பையின் பக்கம் திரும்பியது. தூளைப் போட்டாள். பழுப்புப் புகை கிளம்பி, இந்த முறை மறையவில்லை. கனத்து, மெல்ல இறங்கி, அடியில் காப்பித்தூள்போல் படிந்தது. இருமல் பிடுங்க இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் ஹோக்-தியாம் கேனோடு வந்தான். ஜாடி வாசலிலேயே இருந்தது.

"எடுத்துட்டுப் போங்க பெரியத்தான். உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்."

மஞ்சள் போய்த் தண்ணீர் வெளிறியிருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"உரம் போட்டியா?"

"நமக்கு ஏது நிலம், உரம் போட?"

அவன் பாக்கைத் துப்பிவிட்டு, காலிக் கேனோடு நடந்தான்.

சேற்றைக் கழுவி உருக்கியதில் பலாக்கொட்டை அளவு தங்கம் தேறியது. சிக்கனமாக இருந்தால் ஒரு வருடம் அவள் வீட்டில் இருக்கலாம். அதற்கு அடுத்த வருடத்துக்குச் சாக்கு இல்லை. நறுக்கவும் புரட்டவும் இருப்பது ஒரே ஆள். அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. கடைசியாகப் புரட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சுயி-சாயை இடப்பக்கம் புரட்டினாள். நேற்றுத் தவறிய அரைமணி, இடுப்பில் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். வெளுக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். மெதுவாக வெளுத்தது.