காலோடு ஒரு படம்

ஓக்ரே அக்காவுக்கு யாரும் படம் வரையக் கற்றுக்கொடுக்கவில்லை. மாசான் துறைமுகத்தில் என்னோடு கப்பலுக்கு வெல்டிங் வைத்தவள். தகட்டில் கோடு போடும் சுண்ணக்குச்சியாலேயே மேஸ்திரியின் மூக்கை வரைந்து எங்களைச் சிரிக்க வைப்பாள். கம்பெனி எங்களை வெளியே தள்ளியதும் கரித்துண்டுக்கு மாறினாள். வாசலில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த எங்களை ஒவ்வொருவராக வரைந்து வேலியில் தொங்கவிட்டாள். கூன் விழுந்த முதுகு, சூடுபட்ட விரல், இறுகிய வாய்.

"கொஞ்சம் அழகா வரையேன்க்கா" என்றால், "அழகா இருந்திருந்தா நம்மள ஏன்டி துரத்தப் போறாங்க?" என்பாள்.

இலையுதிர் காலத்தில், எங்களோடு வேலை இழந்த சாங்சிக் அண்ணன் கிரேன் உச்சியில் ஏறிக்கொண்டார். எல்லோரையும் திரும்ப வேலைக்கு எடுக்கும்வரை இறங்க மாட்டேன் என்றார். கயிற்றில் கட்டிய வாளியில் சோறும் கிம்ச்சியும் மேலே போகும். முதலில் டிவிக்காரர்கள் மொய்த்தார்கள். பிறகு ஒரு காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"அவரு மூஞ்சிய ஊரு மறந்துரும்" என்று ஓக்ரே அக்கா கதவளவு அட்டையில் அந்த முகத்தை வரைந்தாள். கரியில், நேர்முகமாக, தோள்வரை. காற்று பிய்த்துவிடாமலிருக்க மேல்மூலை இரண்டிலும் சாய்வாகக் கறுப்பு டேப் ஒட்டினாள். எங்கள் புத்தி குளிரில் விறைத்துப்போயிருந்தது போலும், சாவுப் படத்துக்குத்தான் அப்படிக் கறுப்பு ரிப்பன் கட்டுவார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் படத்தடியில் வெள்ளைச் சாமந்தி. மத்தியானத்துக்குள் குவியல். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் ஊதுபத்தி கொளுத்தி, செத்தவருக்குச் செய்வதுபோல இரண்டு தடவை விழுந்து கும்பிட்டார். மேலேயிருந்து ஃபோன் வந்தது.

"யாரும்மா போய்ச் சேர்ந்தது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் அண்ணே." என் வாய் சும்மா இருக்காது.

விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப சாவு வீட்டு மாட்டுக்கறி சூப்பு எங்க? சூடா ஒரு கிண்ணம் அனுப்பு!"

அவர் மனைவி புன்ஹி சிரிக்கவில்லை. படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். "உசுரோட இருக்கற மனுஷனுக்குச் சாவுப் படம் மாட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

ஓக்ரே அக்கா அன்றைக்கே இன்னொரு அட்டை எடுத்தாள்.

"சாவுப் படத்துக்குக் கால் இருக்காது. இதுல காலு வரையறேன். எவன் பூ வைக்கறான்னு பாக்கறேன்."

கிரேன் கம்பியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தொங்கப்போட்டு, வாய் நிறையச் சோற்றை மென்றுகொண்டே ஆபீஸைப் பார்த்து முறைக்கிற மனிதன். ஒரு சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும். அந்த ஓட்டையைப் பார்த்ததும் புன்ஹி உடைந்து அழுதாள். "நான் தைச்சுத்தானே அனுப்பினேன்."

பூ வைக்க யாரும் வரவில்லை. நின்று பார்க்கவும் யாரும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். செத்தவனென்று நினைத்துக் குனிந்த ஊர், உயிரோடிருப்பவனைத் தாண்டி பஸ் ஏறிப் போனது.

புத்தாண்டுக்கு முந்தைய காலையில் வாளி இறங்கவில்லை. ஏறிப் பார்த்தவர்கள், உட்கார்ந்தபடியே விறைத்திருந்தார் என்றார்கள். எங்களில் ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

சாவுக்கூடத்துக்குப் புன்ஹி அந்தப் படத்தைத்தான் தூக்கி வந்தாள்.

"கால் தெரியற படம் வைக்கறதில்லம்மா," என்றார் அங்கிருந்த ஆள். "மொகம் மட்டும் இருக்கற மாதிரி வேற இல்லியா?"

"அடையாள அட்டையில இருக்கு. அது கம்பெனி எடுத்தது, வேணாம். அவரு இன்னும் எறங்கலங்க. இப்படியே வைங்க."

பிறகு கறுப்பு ரிப்பனை ஓக்ரே அக்காவிடம் நீட்டினாள். "நீயே கட்டுக்கா. உனக்குத்தான் கட்டத் தெரியும்."

அக்கா கட்டினாள்.

டிவிக்காரர்கள் திரும்ப வந்தார்கள். ஊரே வந்தது. சாமந்தி குவிந்து குவிந்து அந்தக் கால்களை மூடியது. ஓக்ரே அக்கா படத்தருகே மண்டியிட்டு இரண்டு கையாலும் பூவை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். ஜனங்கள் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.